விடைத்தாள் வீட்டுக்கு வரும் வாரம்

பத்தாம் வகுப்பில் 500-க்கு 450 வாங்கிய பிள்ளை, பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 24 வாங்கிக்கொண்டு வருவது தமிழ்நாட்டில் அதிசயமில்லை. செப்டம்பரில் தேர்வு முடியும். விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும் விடைத்தாள்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு வரும். ஜூன் மாதம் குரூப் எடுத்துச் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் போன் போட்டுப் பாராட்டியிருப்பார்கள். அக்டோபரில் அதே பிள்ளை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருக்கும்.

இந்தச் சரிவுக்குக் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம். பிளஸ் ஒன்னில் அது பிரிந்துவிடுகிறது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா இரண்டு தொகுதிகள்; உயிரியலுக்குத் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனிப் புத்தகங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைக்கு, வகுப்பில் புரிந்ததை எழுதக் கை வராது. இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. இப்போதுள்ள மாநிலப் பாடநூலில் வெக்டரும் வகையீடும் கணக்கின் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. இயற்பியலோ இரண்டாம் அலகிலேயே அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறது. கணக்கு வகுப்பு இன்னும் எட்டாத இடத்தில் இயற்பியல் வகுப்பு நிற்கிறது. “எனக்கு மட்டும்தான் புரியலை” என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். பக்கத்து பெஞ்சிலும் அதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வாரத்தில் வீடு இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலில், வருகிற உணர்வுக்கு இடம் கொடுக்க வேண்டும். பிறகு விடைத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. பல வீடுகளில் முதல் வேலையைத் தாண்டிக் குதித்து நேராக டியூஷன் தேடப் போகிறார்கள். சில வீடுகளில் முதல் வேலையோடு நின்று, “பாவம் பிள்ளை” என்று விடைத்தாளை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் பிள்ளைதான் தனியாக மாட்டிக்கொள்கிறது.

முதல் அரை மணி நேரம்

மாலை ஐந்தரை மணி. பதினாறு வயதுப் பெண் பள்ளியிலிருந்து வருகிறாள். பையை நாற்காலியில் போட்டுவிட்டு, எப்போதும் கேட்கும் “சாப்பிட என்ன இருக்கு” என்ற கேள்வியைக் கேட்காமல் அறைக்குள் போய்விடுகிறாள். அம்மா டீயை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருகிறார்.

“பிசிக்ஸ் பேப்பர் குடுத்துட்டாங்கம்மா.”

“ம்.”

“இருபத்துநாலு.”

அம்மாவுக்குப் பக்கென்றுதான் இருக்கிறது. ஆனாலும் அவர் கேட்பது: “எப்ப குடுத்தாங்க, காலையிலயா?”

“மூணாவது பீரியட். எல்லார் மார்க்கையும் சத்தமா வாசிச்சாங்கம்மா.”

“அய்யோ, கிளாஸ் முன்னாடியேவா? எப்படிடி இருந்துச்சு உனக்கு?”

“அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.” அழுகிறாள்.

“இருக்கும்டா கண்ணு. யாரா இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு மகள் சொல்கிறாள்: “நான் காமர்ஸ் குரூப்புக்கு மாறிடறேன்மா. எனக்கு இது வராது.”

“சரி, அதையும் பேசலாம். இன்னிக்கு வேண்டாம். டீ ஆறிடப்போகுது, குடி.”

இந்தப் பேச்சில் அம்மா சொல்லாமல் விட்டவற்றைப் பாருங்கள். “எழுபதுக்கா?” என்று அதிரவில்லை. “பக்கத்து வீட்டு அண்ணன் எவ்வளவு வாங்கினான்?” என்று கேட்கவில்லை. “அப்பவே சொன்னேன், அந்த போனை வெச்சுட்டுப் படின்னு” என்று தொடங்கவில்லை. இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியும். அதிகம் பேர் கவனிக்காதது, அவர் ஆறுதலும் சொல்லவில்லை என்பதுதான். “சரி விடு, இது காலாண்டுதானே, போனது போகட்டும்” என்பது அன்பான பேச்சு. ஆனால் அழுகை தொடங்கும் நேரத்தில் அதைச் சொன்னால், இதற்குப் போய் அழுகிறாயே என்றுதான் பிள்ளையின் காதில் விழும். அடுத்த முறை அது அம்மாவிடம் வராது.

அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி, “எப்படி இருந்துச்சு உனக்கு?” அதனால்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண்ணை நொறுக்கியது 24 என்ற எண்ணைவிட, அது நாற்பது பேர் முன்னால் வாசிக்கப்பட்டதுதான். இது தெரியாமல் அன்றிரவே டியூஷன் சேர்த்துவிட்டிருந்தால், அவமானம் அப்படியே உள்ளே இருக்க, மேலே இன்னொரு வகுப்பு ஏறியிருக்கும்.

குரூப் மாறும் பேச்சுக்கு அம்மா மறுப்பும் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. அழுகை நேரத்து முடிவுகளை எதிர்த்து வாதாடினால் பிள்ளை அதில் பிடிவாதமாக நின்றுவிடும். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பாதி முடிவுகள் தாமாகவே கரைந்துவிடும். கரையாமல் நிற்பவற்றை மதித்துப் பேசலாம். உண்மையிலேயே காமர்ஸ்தான் பிடித்திருக்கிறது என்றால் அதுவும் ஒரு நல்ல வழிதான்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. “அப்பாகிட்ட நான் பதமா சொல்லிக்கறேன்” என்று அம்மா தூது போகும் வழக்கம் நம் வீடுகளில் நிறைய. நல்ல எண்ணம்தான். ஆனால் அப்பாவிடம் இதை நேராகச் சொல்ல முடியாது என்ற பாடத்தை அது பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அப்பாவைத் தனியே கூப்பிட்டு, “இன்னிக்குத் திட்ட வேண்டாம், கேட்டுக்குங்க போதும்” என்று தயார்செய்துவிட்டு, பிள்ளையே சொல்லட்டும். அம்மா பக்கத்தில் இருக்கட்டும். “சரிம்மா, ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்” என்று அப்பா ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வீட்டில் அடுத்த விடைத்தாள் ஒளிந்துகொள்ளாது.

உள்ளே இருப்பதற்குப் பெயர் சொல்லப் பழக்குங்கள்

வளரிளம் பிள்ளைகளிடம் “என்ன ஆச்சு?” என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் நமக்குத் தெரிந்தவை: “ஒண்ணுமில்ல”, “ஒரு மாதிரி இருக்கு”, “மூட் அவுட்”, “கடுப்பா இருக்கு.” இந்த வயதில் உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் வேகமாக வேலை செய்கின்றன. அவற்றை நிதானப்படுத்தும் முன்மூளை முழுமையாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது. ஆகவே பிள்ளை மறைக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. பல நேரம் என்ன நடக்கிறது என்று அதற்கே தெரிவதில்லை.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பயமும் கோபமும் தெரியும் முகப் படங்களைக் காட்டி, அந்த உணர்வுக்கு ஒரு சொல் கொடுக்கச் சொன்னார்கள். சொல் கொடுத்தபோது, அச்சத்துக்கு மணியடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. முன்மூளையின் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. நினைப்பை அமுக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை டேனியல் வெக்னர் 1987-ல் காட்டினார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கரடி விடாமல் வந்துகொண்டே இருந்தது. “அதையே நினைச்சிட்டு இருக்காத” என்று நாம் தரும் அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இது ஒரு பதில்.

தமிழில் இந்த வேலைக்கு வழி இல்லாமல் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்வுகளைச் சொல்கிறது. அச்சம், அழுகை, கோபம், தாழ்வு எண்ணம் எல்லாம் சிரிப்பு, மகிழ்ச்சி, வியப்பு, பெருமிதம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. இது நல்லது, இது கெட்டது என்ற பிரிவினை அங்கே இல்லை. இன்னும் முக்கியம், ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்று கணக்கு வைத்திருக்கிறது. அழுகை பிறக்கும் இடங்களில் ஒன்று, பிறர் நம்மை இளிவாக நடத்துவது. அச்சம் பிறக்கும் இடங்களில் ஒன்று, நமக்கு மேலே அதிகாரம் உள்ளவர். பெருமிதம் பிறக்கும் இடங்களில் ஒன்று, கல்வி.

இதை அப்படியே வீட்டுப் பழக்கமாக்கலாம். உணர்வைக் கேட்டதும் அது பிறந்த இடத்தையும் கேளுங்கள். “பயமா இருக்கா? மார்க்கை நினைச்சா, சாரை நினைச்சா, அப்பாவை நினைச்சா?” மூன்றும் மூன்று வேறு பயங்கள். சாரைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைக்குக் கூடுதல் பாடப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. அந்த ஆசிரியரிடம் சந்தேகம் கேட்க ஒரு வழி செய்து கொடுக்க வேண்டும்.

பேச்சு வராத பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பையன்களுக்கு, நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்பது விசாரணை மாதிரி ஆகிவிடும். வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கடைக்குப் போகும்போதும், வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதும் பேச்சு எளிதாக வரும். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பது அவர்களுக்குப் பெரிய விடுதலை.

வீட்டில் அனுமதி இல்லாத உணர்வுகள்

ஒவ்வொரு வீட்டிலும் சில உணர்வுகளுக்கு மட்டும் உள்ளே வர அனுமதி இருக்காது. உங்கள் வீட்டில் எவை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பையன்களுக்கு அழுகை கிடையாது. “பொம்பளப் புள்ள மாதிரி அழுறியே” என்ற ஒரு வாக்கியம் எத்தனை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது! அழ முடியாத பையனின் துக்கம் கோபமாகத்தான் வெளியே வரும். அது ஒன்றுக்குத்தான் அவனுக்கு அனுமதி. பிறகு “இவனுக்கு மூக்கு மேல கோபம்” என்று வீடே அலுத்துக்கொள்ளும். பெண் பிள்ளைகளுக்கு நேர்மாறு. அவர்கள் அழலாம், கோபப்படக் கூடாது. “பொண்ணுக்கு இவ்வளவு கோபம் ஆகாது” என்று கேட்டு வளர்ந்தவள், வகுப்பில் ஒருவன் தொடர்ந்து சீண்டும்போதும் கோபத்தை விழுங்கிவிட்டுத் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் அநீதிகளில் இந்த இரண்டையும் முதல் வரிசையில் வைப்பேன்.

பொறாமையை யாரும் ஒப்புக்கொள்வதே இல்லை. உயிர்த் தோழி 65 வாங்கியிருக்கிறாள், தனக்கு 24. அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதோடு, இப்படி நினைக்கிற தான் கெட்டவள் என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. இதை ஒரு பிள்ளை உங்களிடம் சொல்லிவிட்டால் அது மிகப் பெரிய நம்பிக்கை. “சீ, அப்படி நினைக்கலாமா” என்று சொல்லிவிடாதீர்கள். “அவ மேல எரிச்சலா வருதா? வரும். உனக்கும் அந்த மார்க் வேணும்னு இருக்கு, அதான்” என்று சொல்லிப் பாருங்கள். பொறாமை, வேண்டும் என்ற ஆசையாக மாறும். கொஞ்ச நாளில் அந்தத் தோழியிடமே கணக்கு கேட்டுக்கொள்ளப் போவாள்.

மகிழ்ச்சிக்கும் சில வீடுகளில் தடை உண்டு. “ரொம்பச் சிரிக்காத, அப்புறம் அழணும்” என்பார்கள். கண் பட்டுவிடும் என்ற பயத்தில், பிள்ளை தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியதைக்கூட ஒரு தலையசைப்போடு முடித்துவிடுவார்கள். இயற்பியலில் விழுந்த அதே வாரத்தில் தமிழில் எழுந்திருக்கிறது என்றால், அந்தச் சந்தோஷத்தையும் முழுசாகக் கொண்டாட விடுங்கள். ஒன்று இன்னொன்றை ரத்து செய்யாது.

உணர்வுக்குத் தடை இல்லை என்றால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகாது. இதில் பெற்றோர் உறுதியாக இருக்க வேண்டும். கோபம் வரலாம், தம்பியை அடிக்கக் கூடாது. வெறுப்பு வரலாம், புத்தகத்தைக் கிழிக்கக் கூடாது. இதைச் சண்டையின் நடுவில் சொல்லிப் பயனில்லை. ஆறிய பிறகு, “நேத்து நீ கோபப்பட்டதுல தப்பில்ல. கதவை ஓங்கி அறைஞ்சியே, பாட்டி பயந்துட்டாங்க. இனிமே அது வேண்டாம். கோபம் வந்தா மொட்டை மாடிக்குப் போயிட்டு வா” என்று மாற்று வழியோடு சொல்ல வேண்டும். பெற்றோரும் அதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி விடைத்தாளை எடுங்கள்

இரண்டு நாள் கழித்து, விடுமுறை நாள் காலையில், விடைத்தாளையும் கேள்வித்தாளையும் பாடப்புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும்.

பிளஸ் ஒன் இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஆறும், மூன்று மதிப்பெண் வினாக்களில் ஆறும் எழுத வேண்டும். பிறகு ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். 46 மதிப்பெண் போனது என்றால், எங்கே போனது? ஒவ்வொரு வினாவாகப் பார்த்துப் பிள்ளையே பென்சிலில் குறிக்கட்டும்.

படிக்கவே இல்லாததால் போனது ஒரு வகை. படித்தும் தேர்வறையில் நினைவுக்கு வராதது இன்னொரு வகை. புரிந்தது, ஆனால் ஆங்கிலத்தில் எழுத வரவில்லை, நேரம் போதவில்லை, விடை சரி, அலகு எழுதவில்லை, கட்டாய வினாவைப் பார்க்காமல் விட்டுவிட்டது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் போன மதிப்பெண்ணை எழுதிக் கூட்டினால் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். “எனக்கு பிசிக்ஸ் வராது” என்று இருந்தது, “ஒன் வேர்டுல ஒன்பது போயிடுச்சு, டெரிவேஷன்ல பதினைஞ்சு போயிடுச்சு” என்று ஆகிவிடும். முன்னதற்கு யாராலும் மருந்து கொடுக்க முடியாது. பின்னதற்கு ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது.

ஒரு மதிப்பெண் வினாவில் போனதற்குப் பாடத்தின் பின்பக்கப் பயிற்சி வினாக்களை நாள்தோறும் கால் மணி நேரம் செய்தாலே அரையாண்டுக்குள் வித்தியாசம் தெரியும். ஆங்கிலத்தில் எழுத வராததற்கு வழி, அந்தப் பாடத்தைத் தமிழ்வழிப் புத்தகத்தில் ஒருமுறை படித்துப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கில விடையைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதிப் பழகுவது. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இரு வழிப் புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் படித்துப் புரிந்துகொள்வதை ஒரு குறையாக யாராவது பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படித்தும் மறந்துபோவதற்கு நம் பிள்ளைகள் செய்வது, இன்னொரு முறை படிப்பது. முடிந்தால் சத்தம் போட்டு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துவிட்டு அதை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். எழுதிப் பார்க்கும்போது “ஒண்ணுமே ஞாபகம் வரலையே” என்ற எரிச்சல் கட்டாயம் வரும். அந்த எரிச்சலைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மறுபடி படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி சுகமாக இருக்கும். மூடிவைத்து எழுதும்போது கஷ்டமாக இருக்கும். தேர்வில் கைகொடுப்பது இரண்டாவதுதான். உணர்வை ஏற்றுக்கொள்ளப் பழகிய பிள்ளைக்குப் படிப்பில் கிடைக்கும் நேரடி லாபம் இது: அந்த எரிச்சலோடு கூடவே உட்கார்ந்து எழுத முடிகிறது, எழுந்து ஓட வேண்டியிருக்காது.

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். புது டைம்டேபிள் போட்டு, காலை நாலு மணிக்கு எழுப்பி, போனைப் பிடுங்கி, டிவியை நிறுத்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யும் வீடுகளில் மூன்றாம் நாள் எல்லாமே நின்றுபோகும். தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே இயல்பாகத் தள்ளிப்போகிறது. இரவு பன்னிரண்டுக்குப் படுத்து விடியற்காலை டியூஷனுக்கு ஓடும் பிள்ளைக்குக் கோபமும் அழுகையும் சீக்கிரம் வந்தால் அதில் வியப்பில்லை.

ஒளித்துவைத்த மார்க்

சில பிள்ளைகள் விடைத்தாளைக் காட்டவே மாட்டார்கள். ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தைத் தாங்களே போட்டுவிடுவார்கள். கண்டுபிடித்ததும் வீட்டில் பூகம்பம். பொய் சொன்னதற்குக் கண்டிப்பு தேவைதான். அதற்கு முன் பொய் ஏன் தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை “நீ புத்திசாலி” என்றும், இன்னொரு பகுதியினரை “நன்றாக உழைத்திருக்கிறாய்” என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்கள் வந்தன, எல்லோரும் சறுக்கினார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை மற்றப் பிள்ளைகளுக்கு எழுதிச் சொல்லும்போது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு.

நம் வீடுகளில் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று பிள்ளையை எப்படிப் பாராட்டினோம் என்று நினைத்துப் பாருங்கள். “எங்க வீட்டு டாக்டர்” என்று அன்றைக்கே பட்டம் கொடுத்திருப்போம். அந்தப் பட்டத்தைக் காப்பாற்றத்தான் பிள்ளை கையெழுத்தைப் போட்டது. மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள், நல்ல மார்க்காக இருந்தாலும்.

தேர்வறையில் கை நடுங்கும்போது

வினாத்தாளை வாங்கியதும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். பயப்படாதே என்று சொல்வதைவிட, இது வரும், வந்தாலும் எழுதலாம் என்று சொல்லிவையுங்கள். பொதுத்தேர்வில் வினாத்தாள் படிக்க முதல் பத்து நிமிடம் தனியாகத் தருகிறார்கள். அதில் முதல் ஒரு நிமிடத்தை மூச்சுக்கு ஒதுக்கலாம்: மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுவது. மீதி நேரத்தில் நன்றாகத் தெரிந்த வினாவைத் தேடிப்பிடித்து அதில் தொடங்கினால் கை தானாக ஓடும்.

அதிகம் பயப்படும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி. ராமிரெஸ், பெய்லாக் இருவரும் 2011-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள், அப்படி எழுதாத பயந்த மாணவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். ஒரு சாதாரண வகுப்புத் தேர்வில் செய்து பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் தொடரட்டும். எழுதிய தாளை நீங்கள் படிக்கக் கூடாது. கிழித்துப் போடுவது அவர்கள் உரிமை.

தவறு வெளியே இருந்தால்

உணர்வை ஏற்றுக்கொள் என்பது, நடப்பதை எல்லாம் பொறுத்துக்கொள் என்பதாகிவிடக் கூடாது. நிறத்தைச் சொல்லி, உடம்பைச் சொல்லி, சாதியைச் சொல்லி வகுப்பில் கேலி நடக்கிறது என்றால் பிள்ளைக்கு வரும் கோபம் நியாயமான கோபம். அதை ஆற்றுவது வீட்டின் வேலை. அந்தக் கேலியை நிறுத்துவது பெரியவர்களின் பொறுப்பு. 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் மீது நடந்த சாதி வன்முறைக்குப் பிறகுதான், பள்ளிகளில் சாதியைப் பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024-ல் அறிக்கையும் வந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. உங்கள் பிள்ளை கேலிக்கு ஆளாகிறதா என்று கேட்பது போலவே, உங்கள் பிள்ளை யாரையாவது கேலி செய்கிறதா என்றும் கேளுங்கள்.

வகுப்பாசிரியரைச் சந்திக்கப் போகும்போது தேதி, இடம், சொன்ன சொல் எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போங்கள். பிள்ளையின் சம்மதத்தோடு போங்கள். மதிப்பெண்ணை வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டாம் என்று கேட்பதும் நியாயமான கோரிக்கைதான். மரியாதையாகக் கேட்டால் பல ஆசிரியர்கள் மாற்றிக்கொள்வார்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்

துக்கம் வரும், சில நாளில் இறங்கும். இரண்டு வாரத்துக்கு மேலும் பிள்ளை சாப்பாட்டிலும் தூக்கத்திலும் மாறியே இருந்தால், நண்பர்களை ஒதுக்கினால், பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டால், மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. “நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்” என்பது போன்ற பேச்சு வந்தால், கையைக் கீறிக்கொண்ட தடம் தெரிந்தால், இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா கண்ணு?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்காமல் விட்டால்தான் பிள்ளை அதோடு தனியாக இருக்கும். பதில் ஆம் என்றால் திட்டாமல், சத்தியம் வாங்காமல், கூடவே இருங்கள். மருந்து மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டிவையுங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பொதுத்தேர்வு முடிவு வரும் நாளைத் தனியாகத் திட்டமிடுங்கள். முடிவு எதுவானாலும் துணைத்தேர்வு ஜூன், ஜூலையில் வந்துவிடும். அதில் தேறி அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரலாம். பிளஸ் டூவில் விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். முடிவு வருவதற்கு முந்தின நாளே இதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது. அன்று பெற்றோரில் ஒருவராவது வேலைக்கு விடுப்பு போட்டு வீட்டில் இருங்கள்.

மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. சுகாதார உதவி எண் 104. குழந்தைகள் உதவி எண் 1098. நான்கையும் உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், பிள்ளையின் போனிலும் இன்றே பதிந்து கொடுங்கள்.